‘ஊசி மட்டும் போட்டுவிடுங்க, சார்!’

அரசுப் பணியில் முப்பது வருஷம் மாட்டையும் ஆட்டையும் பார்த்து ஓய்வுபெற்று, இப்போது ராஜபாளையத்தில் மாலை வேளையில் மட்டும் நாய், பூனை பார்க்கும் கால்நடை மருத்துவர் பதில் சொல்கிறார்.

எங்கள் லேப்ரடாருக்கு நான்கு வயது. நன்றாகச் சாப்பிடுகிறான், ஓடுகிறான். வருஷா வருஷம் வெறிநோய் ஊசி தவறாமல் போடுகிறோம். இந்தத் தடவை டாக்டர் வாயைத் திறந்து, வயிற்றை அமுக்கி, எடை போட்டு, அரைமணி நேரம் பார்த்துவிட்டு அதற்கும் சேர்த்துப் பணம் வாங்கினார். நோயே இல்லாத நாய்க்கு இதெல்லாம் தேவையா?
– வாசகர், திண்டுக்கல்

அந்த டாக்டரை விட்டுவிடாதீர்கள்.

“ஊசி மட்டும் போட்டுவிடுங்க சார், வெளிய ஆட்டோ நிக்குது” என்பது வாரத்துக்குப் பத்துத் தடவையாவது என் காதில் விழும் வசனம். ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம் நானும் அப்படியே ஊசியைப் போட்டு அனுப்பிவிட்டேன். ஆறு வயதுப் பெட்டை, கருத்தடை செய்யாதது. மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது கடைசி மடிக்காம்புக்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழ அளவுக்குக் கட்டி. ஊசி போட்ட அன்றைக்கு அது சுண்டைக்காய் அளவாவது இருந்திருக்கும். வயிற்றடியில் ஒருமுறை கையை ஓட்டியிருந்தால் தட்டுப்பட்டிருக்கும். தப்பு என்னுடையதுதான். அதற்குப் பிறகு ஆட்டோ நின்றால் நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

உங்கள் டாக்டர் என்ன பார்த்தார் என்று சொல்கிறேன். உதட்டைத் தூக்கியதும் முதலில் ஈறு. கட்டைவிரலால் அமுக்கினால் வெளுக்கும்; விட்டால் இரண்டு விநாடிக்குள் இளஞ்சிவப்பு திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் ரத்த ஓட்டம் சரியில்லை. ஈறே வெளுத்திருந்தால் ரத்தசோகை. குண்டூசியால் குத்தியதுபோலச் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் எனக்கு உடனே உண்ணிக் காய்ச்சல் ஞாபகம்தான் வரும்.

நம் ஊர் நாய்களைச் சத்தமில்லாமல் தின்கிற நோய் இது. உண்ணி கடித்து உள்ளே போகும் எர்லிச்சியா என்கிற கிருமி, முதலில் லேசான காய்ச்சலைக் காட்டிவிட்டு அடங்கிவிடும். நாய் சாப்பிடும், வாலை ஆட்டும், எல்லாம் சரியாகிவிட்டது என்று நாமும் நினைப்போம். உள்ளே ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்துகொண்டே இருக்கும். மாதக்கணக்கில், சில நாய்களில் வருஷக்கணக்கில்கூட இப்படி ஓடும். ஒருநாள் காலையில் மூக்கிலிருந்து ரத்தம் வரும்போதுதான் வீட்டுக்காரர்கள் ஓடிவருவார்கள். வெளியில் ஒன்றும் தெரியாத அந்தக் கட்டத்திலேயே ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையில் சந்தேகம் தட்டிவிடும். டாக்ஸிசைக்ளின் மாத்திரைக்கு நன்றாகவே கேட்கும். இன்னொன்று. நாய் மேல் உள்ள உண்ணியை மட்டும் பிடுங்கிப் பிரயோஜனம் இல்லை. ரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி கீழே இறங்கி, சுவர் வெடிப்பிலும் கதவு நிலை இடுக்கிலும் போய் ஆயிரக்கணக்கில் முட்டை இடும். நாய் படுக்கிற இடத்துச் சுவரை ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஈறுக்கு அப்புறம் தாடைக்கு அடியில், தோளுக்கு முன்னால், பின்முழங்காலுக்குப் பின்னால் நெறி கட்டியிருக்கிறதா என்று கை தேடும். வயிற்றை அமுக்கியது மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்க்க. காதை மோந்துகூடப் பார்த்திருப்பார். சிரிக்காதீர்கள், காதில் பூஞ்சை வந்தால் புளித்த மாவு வாடை அடிக்கும்.

லேப்ரடார் என்பதால் எடை பற்றி ஒரு வார்த்தை. விலா எலும்பு கண்ணுக்குத் தெரியக் கூடாது. கையால் தடவினால் துணிக்கு அடியில் பென்சில்களை அடுக்கியதுபோலத் தட்டுப்பட வேண்டும். தேடித் தேடி அமுக்கினால்தான் கிடைக்கிறது என்றால் சாயங்காலப் பிஸ்கட்டை நிறுத்துங்கள். (தாத்தா ரகசியமாகக் கொடுப்பதையும் சேர்த்துத்தான்.)

வெறிநோய் ஊசி மட்டும்தான் போடுகிறீர்கள் என்றால் அது போதாது. டிஸ்டெம்பர், பார்வோ, லெப்டோ என்கிற தொற்றுநோய்கள் எல்லாவற்றுக்குமான கூட்டுத் தடுப்பூசியும் வேண்டும். லெப்டோ எலி மூத்திரத்தில் பரவும், நாயிடமிருந்து நமக்கும் வரும். மழைக்காலத்துக்கு முன்பே போட்டுவிடுவது நல்லது.

அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. பூனை வாசலைத் தாண்டியதே இல்லை. கூடையைப் பார்த்தாலே பீரோவுக்கு அடியில் போய்விடுகிறது. இதையும் டாக்டரிடம் காட்ட வேண்டுமா?
– வாசகி, சென்னை

காட்ட வேண்டும். நாய் முனகும், நொண்டும், நம்மிடம் வந்து சொல்லிவிடும். பூனை சொல்லாது. கொஞ்சம் அதிகமாகத் தூங்கும், அவ்வளவுதான். வயதான பூனைகளில் சிறுநீரகம் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கெட்ட பிறகுதான் வெளியே ஏதாவது தெரியும். அதற்கு முன்னால் காட்டிக்கொடுப்பது தராசு. 4 கிலோ பூனை 400 கிராம் இளைத்தால் 60 கிலோ ஆள் 6 கிலோ இளைத்த மாதிரி. முடி மூடியிருப்பதால் கண்ணுக்குப் பிடிபடாது. வீட்டிலேயே மாதம் ஒருமுறை பூனையைத் தூக்கிக்கொண்டு எடை மிஷினில் ஏறுங்கள், அப்புறம் தனியாக ஏறுங்கள், கழித்து காலண்டரில் குறித்துவையுங்கள். அந்தக் காலண்டரைக் கொண்டுவந்தால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

வெளியே போகாவிட்டாலும் தடுப்பூசி வேண்டும். பூனைகளுக்கு வரும் பான்லூக்கோபீனியா வைரஸ் உங்கள் செருப்பிலேயே மாடி ஏறி வந்துவிடும்.

கூடைக்கு ஒரு வழி. ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று மட்டும் பரணிலிருந்து இறக்கினால் அது ஓடத்தான் செய்யும். கதவைக் கழற்றிவிட்டு, பழைய நைட்டி ஒன்றை உள்ளே போட்டு, ஹாலிலேயே மூலையில் கிடக்கட்டும். இரண்டு கருவாட்டுத் துண்டை உள்ளே போடுங்கள். பத்து நாளில் அதுவே போய்ப் படுக்கும். கட்டைப் பையில் தலை மட்டும் வெளியே தெரியத் தூக்கி வராதீர்கள். பக்கத்தில் ஒரு நாய் குரைத்தால் பூனை ஆஸ்பத்திரி ஓட்டு மேல் இருக்கும், நான் ஏணியில் இருப்பேன். ஒருமுறை இருந்திருக்கிறேன்.

இரண்டு விஷயத்துக்கு மட்டும் வருஷாந்திரப் பரிசோதனை வரை காத்திருக்காதீர்கள். ஆண் பூனை மணல் தட்டுக்குப் போய்ப் போய் முக்குகிறது, சொட்டு வரவில்லை என்றால் அன்றைக்கே ஓடிவாருங்கள், அது உயிர்ப் பிரச்சினை. இரண்டாவது, உடம்பு சுடுகிறதே என்று பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். பூனைக்கு அது விஷம். உயிர் போக ஒரே மாத்திரை போதும்.

மூக்கு காய்ந்திருந்தால் நாய்க்குக் காய்ச்சல் என்கிறார்களே?
– வாசகர், கோவில்பட்டி

இல்லை. தூங்கி எழுந்த நாய்க்கு மூக்கு காய்ந்துதான் இருக்கும். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும். 101 முதல் 102.5 டிகிரி வரை நாய்க்குச் சாதாரணம். நம் கணக்கில் பார்த்துப் பயந்துவிடாதீர்கள்.

வெள்ளை ராஜபாளையம் குட்டி வாங்கியிருக்கிறோம். முதல் பரிசோதனையில் என்ன கேட்க வேண்டும்?
– வாசகி, மதுரை

காது கேட்கிறதா என்று முதலில் பாருங்கள். எங்கள் ஊர்ப் பெருமைதான், ஆனால் வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடு உண்டு. குட்டி வேறு பக்கம் பார்க்கும்போது பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். கையைத் தட்டாதீர்கள், காற்று பட்டுத் திரும்பிவிடும். குடற்புழு மருந்து எப்போதெல்லாம் என்று அட்டையில் எழுதி வாங்குங்கள். தாய்ப்பால் வழியாகவே புழு வந்துவிடுவதால் குட்டியில் அடிக்கடி கொடுக்க வேண்டியிருக்கும். காசு இடிக்கிறது என்றால் ஜூலை 6, செப்டம்பர் 28 தேதிகளையொட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவச வெறிநோய்த் தடுப்பூசி முகாம் நடத்துவது வழக்கம். விசாரித்துப் பாருங்கள்.

பதினொரு வயதுப் பாமரேனியன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம், சிறுநீர் பார்க்கச் சொல்கிறார்கள். சிறுநீரை எப்படிப் பிடிப்பது?
– வாசகர், தஞ்சாவூர்

சொன்னது சரி. அந்த வயதில் ஆறு மாதம் என்பது நீண்ட காலம். ராத்திரியில் இருமினால் அதையும் சொல்லுங்கள், இந்த ஜாதிக்கு இதய வால்வு தளரும்.

பிடிக்க, நீளக் காம்புள்ள குழிக்கரண்டி போதும். காலையில் முதல் தடவை போகும்போது பின்னாலேயே போய், ஆரம்பித்ததும் சத்தமில்லாமல் நீட்டுங்கள். மருந்துக் கடையில் விற்கும் சுத்தமான டப்பாவில் ஊற்றி இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். ஒருவர் தேன் பாட்டிலைக் கழுவி அதில் கொண்டுவந்தார். சர்க்கரை எகிறியிருந்தது. நாய்க்குச் சர்க்கரை வியாதி என்று வீட்டில் எல்லோரும் அழுதுவிட்டார்கள்; மறுநாள் புது டப்பாவில் ஒன்றுமே இல்லை.

கரண்டி திரும்ப அடுப்படிக்குப் போகக் கூடாது என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. ஒரு வீட்டில் மட்டும் சொல்ல வேண்டியிருந்தது.