விரல்லேர்ந்து பின்னின சாக்ஸ், வாய் மட்டும் குதிகாலைத் தாண்ட மாட்டேங்குது

அப்பாவுக்குப் பின்னின சாக்ஸோட வாய் குதிகாலைத் தாண்டலன்னு கேட்டிருக்கீங்க. முழுசா பிரிக்க வேணாம், கடைசியா பைண்ட் ஆஃப் பண்ண, அதாவது லூப்ப மூடி பின்னல முடிச்ச வரிசைய மட்டும் பிரிச்சா போதும். ரிப் (வாய்ப்பக்கம் வரிவரியா இருக்கிற பின்னல்) நல்லா இழுபடுது, ஓரம் மட்டும் கம்பி மாதிரி நிக்குதுன்னு எழுதியிருக்கீங்க, அப்போ சாதாரண பைண்ட் ஆஃப்தான் காரணமா இருக்கும், அது ரிப் அளவுக்கு விரியாது.

உறுதி பண்ணிக்கணும்னா, பிரிச்சதும் லூப் எல்லாத்தையும் நீளமான வேற நூல்ல கோத்துட்டு அப்பாவ போட்டுப் பாக்கச் சொல்லுங்க. ஏறிடுச்சுன்னா லூப்ப திரும்ப பின்னல் ஊசிக்கு மாத்தி, தையல் மாதிரி முடிங்க. வாய் சுத்தளவுக்கு மூணு மடங்கு நூல் விட்டு வெட்டி, மொட்டை முனை தையல் ஊசில கோத்துக்கணும்.

1. முதல் ரெண்டு லூப்லயும் வலமிருந்து இடமா விட்டு இழுங்க.
2. திரும்ப முதல் லூப்ல மட்டும் இடமிருந்து வலமா விட்டு, அந்த ஒண்ண மட்டும் கழட்டி விடுங்க.

இப்படியே கடைசி வரைக்கும். நூல இறுக்காதீங்க, நிறைய பேர் கோட்டை விடுறது இங்கதான்.

ஒண்ணு, லூப்பா இருக்கும்போதே ஏறலன்னா ஓரத்து மேல பழி போட்டு பிரயோஜனம் இல்ல. காலுல ரெண்டு கலர் டிசைன் போட்டிருந்தா உள்பக்கம் ஓடுற நூலே விரிய விடாது, குதிகாலுக்கு மேலேர்ந்து ஒரு சைஸ் பெரிய பின்னல் ஊசில திரும்பப் பின்னத்தான் வேணும்.