கட்டுப் போட்டால் விஷம் ஏறாதா?

கேள்வி: பாம்பு கடித்த இடத்துக்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டச் சொல்கிறார்களே, சரியா?

பதில்: தயவுசெய்து கட்டாதீர்கள். விரியன் விஷம் கடிபட்ட இடத்துச் சதையையே அழுகவைக்கும். ரத்த ஓட்டமும் நின்றால் காலையே எடுக்க வேண்டி வரலாம். கட்டைத் திடீரென அவிழ்த்தால், தேங்கிய விஷம் மொத்தமாகப் பாயும். கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். வீங்குவதற்குள் மோதிரம், கொலுசைக் கழற்றுங்கள். காலை அசையாமல் வைத்து, நடக்கவிடாமல் தூக்கிச் செல்லுங்கள்.

மருத்துவமனையில் 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் விஷமுறிவு மருந்து உடனே தேவை.

கட்டுவிரியன் கடி வேறு மாதிரி. வலியோ வீக்கமோ பெரும்பாலும் இருக்காது. தூக்கத்தில் கடிபட்டவர் வயிற்றுவலி என்பார். இமை சரியும், பிறகு மூச்சு திணறும். பல் தடம் தெரியாவிட்டாலும் உடனே கிளம்புங்கள்.