காரை வாங்க வைப்பது வீடா, தெருவா?

கேள்வி: வருமானம் தெரிந்தால் ஒரு வீட்டில் எத்தனை கார் என்று கணித்துவிடலாமே, தெரு அமைப்பை ஏன் பார்க்க வேண்டும்?

வருமானம் ‘வாங்க முடியுமா’ என்பதைச் சொல்லும். ‘தேவையா’ என்பதைச் சொல்லாது. வருமானம் கூடக் கூட கார் எண்ணிக்கை முதலில் மெல்ல ஏறும், நடுவில் செங்குத்தாக உயரும், மேலே போய்த் தட்டையாகிவிடும். அங்கே வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர், ஓட்டுநர் உரிமம் எத்தனை பேரிடம் இருக்கிறது, எல்லோரும் ஒரே திசையில் போகிறார்களா என்பதுதான் கணக்கு. முதல் காரை வாங்குவதும் இரண்டாவதை வாங்குவதும் வேறுவேறு முடிவுகள். கணக்கெடுப்பில் அவற்றை ஒரே ஏணியின் படிகளாக வைக்காதீர்கள்.

கேள்வி: அடுக்குமாடிகள் கூடினால் கார் குறையுமா?

அடர்த்தி, அதாவது ஒரு பரப்பில் எத்தனை பேர் வசிக்கிறார்கள் என்பது, மட்டும் பெரிதாக உதவாது. நகரத் திட்டமிடல் ஆய்வாளர்களான ரீட் யூயிங்கும் ராபர்ட் செர்வெரோவும் 2010-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அடர்த்தி 10 சதவீதம் கூடும்போது கார் ஓடும் தூரம் சுமார் 0.4 சதவீதமே குறைந்தது. நகர மையம் 10 சதவீதம் அருகில் இருந்தால் சுமார் 2.2 சதவீதம் குறைந்தது. இவை கார் ஓடும் தூரத்துக்கான எண்கள், கார் எண்ணிக்கைக்கானவை அல்ல. பலரும் இங்கேதான் தவறுகிறார்கள்.

முட்டுச்சந்துகள் நிறைந்த இடத்தில் எத்தனை மாடி கட்டினாலும், 300 மீட்டரில் தெரியும் கடைக்கு 900 மீட்டர் சுற்றிப் போகவேண்டுமென்றால் கை கார் சாவியைத்தான் தேடும். நடக்கும் தூரத்தை நேர்க்கோட்டுத் தூரத்தால் வகுத்துப் பாருங்கள். நெருக்கமான சதுரக் கட்டத் தெருக்களில் விடை ஏறக்குறைய 1.41-ஐத் தாண்டாது. மேலே சொன்ன கடைக்கு அது 3. மதிலில் ஒரு நடைவழி திறந்தாலே பாதி சரியாகும்.

கேள்வி: பார்க்கிங் இடத்தைக் குறைப்பது பயன் தருமா?

தரும். வீட்டு விலையிலேயே பார்க்கிங்கும் சேர்ந்திருந்தால், கார் இல்லாதவரும் அதற்குப் பணம் கட்டுகிறார். காருக்கு அது இலவசம்போல் தெரிகிறது. இரண்டையும் தனித்தனியாக விற்கலாம். ஜப்பானில் 1962-ல் வந்த சட்டப்படி, பொதுவாக நிறுத்த இடம் காட்டினால்தான் காரைப் பதிவு செய்ய முடியும்.

கேள்வி: கார் பிடிக்காதவர்களே நடக்க வசதியான பகுதிக்குக் குடிவருகிறார்கள் அல்லவா?

ஓரளவு உண்மை. வீடு மாறியவர்களிடம், மாறுமுன் எத்தனை கார், ஓராண்டுக்குப் பின் எத்தனை என்று கேளுங்கள். விருப்பத்தின் பங்கு எது, இடத்தின் பங்கு எது என்று பிரிந்து தெரியும். வாங்கிய காரை விற்க மனம் வர நாளாகும். அதனால் புதுக் குடியிருப்பில் முதல் குடும்பம் வரும் நாளிலேயே பேருந்து ஓடத் தொடங்க வேண்டும்.