மழை குறையவில்லை, புல் மட்டும் ஏன் சீக்கிரம் முற்றுகிறது?

கேள்வி: மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப்புல் முன்பைவிடச் சீக்கிரம் கதிர் விடுகிறது. ஆடுகள் தண்டை ஒதுக்குகின்றன. முட்செடியும் பெருகுகிறது. ஆண்டு மழை ஏறக்குறைய பழைய அளவுதான். என்ன செய்யலாம்?

பதில்: ஆண்டு மொத்த மழையை விட்டுவிட்டு, இரண்டு மழைக்கு நடுவே எத்தனை நாள் காய்ந்தது என்று பாருங்கள். நாலு நாளில் கொட்டிவிட்டு ஒரு மாதம் வெயில் அடித்தால் மேல்மண்ணில் வேர் விட்ட புல் வாடும். ஆழத்துக்கு இறங்கிய ஈரம் முட்செடிக்குப் போகும். காற்றில் கூடிவரும் கரியமில வாயுவும் அதற்கே அதிகம் கைகொடுக்கிறது. வெப்பநாட்டுப் புல்லின் ஒளிச்சேர்க்கைக்கு அந்த வாயுவால் நேரடிப் பயன் குறைவு.

சூடு கூடினால் புல் விரைந்து வளரும், விரைந்தே முற்றும். தண்டைக் கட்டையாக்கும் லிக்னின் என்ற நார்ப்பொருள் ஏறும், புரதம் இறங்கும். தீவனத்தில் புரதம் 7 சதவீதத்துக்குக் கீழே போனால் அசைபோடும் ஆட்டின் வயிற்றில் தீவனத்தைச் செரிக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து போதாது. ஆடு தின்பதே குறைந்துவிடும்.

ஆகவே நாளை எண்ணி மேய்க்காதீர்கள், புல்லின் உயரத்தைப் பார்த்து மேயுங்கள். நிலத்தை நான்காகத் தடுங்கள். புல் 30 செ.மீ. வந்ததும், கதிர் தலைகாட்டும் முன் ஆட்டை விடுங்கள், 10 செ.மீ. நிற்கும்போது வெளியேற்றுங்கள். பெரும்பாலோர் தவறுவது முதல் மழையில்தான். அப்போது வரும் தளிர், தூரிலும் வேரிலும் சேமித்த சத்தைச் செலவழித்து வருவது. அதைக் கடிக்க விட்டால் அடுத்த வறட்சியில் தூரே செத்துப்போகும். அந்த வெற்றிடத்தில்தான் முட்செடி முளைக்கிறது. ஒவ்வொரு தளிரிலும் நாலைந்து இலை விரியும்வரை, எவ்வளவு தட்டுப்பாடு இருந்தாலும், தயவுசெய்து பொறுங்கள். அதுவரை உலர்தீவனம் கொடுத்துச் சமாளிக்கலாம்.

புல் மெலிந்த இடங்களில் முயல்மசால் என்ற பயறுவகைத் தீவனச் செடியைச் சேருங்கள். புரதக் குறைவை ஈடுகட்டும். விதைத்தோல் கடினம் என்பதால் 80 டிகிரி வெந்நீரில் 4 நிமிடம் வைத்து, குளிர்நீரில் இரவு முழுக்க ஊறவிடுங்கள். ஏக்கருக்கு 2 முதல் 4 கிலோ. மண்ணை லேசாகக் கீறித் தூவினால் போதும், 1 செ.மீ.க்கு மேல் புதைந்தால் முளைப்பு குறையும். முதல் ஆண்டு பூத்து விதை சிந்தும்வரை அங்கே மேய்ச்சல் கூடாது. கொழுக்கட்டைப்புல்லையும் விதைப்பதானால் புதிதாக அறுத்த விதை வேண்டாம், அதற்கு உறக்கநிலை உண்டு. ஆறேழு மாதம் வைத்திருந்ததே முளைக்கும்.

முட்செடியை வெட்டினால் பலமடங்கு துளிர்க்கும். மண் ஈரமாக இருக்கும்போது, கன்றாக இருக்கையிலேயே வேரோடு பிடுங்குங்கள்.