வெள்ளிக்கு 'வித்தின்' போடலாமா?

கேள்வி: 'சப்மிட் வித்தின் ஃப்ரைடே' என்று மின்னஞ்சலில் எழுதினேன். தவறு என்கிறார் மேலாளர். ஏன்?

பதில்: 'வெள்ளிக்குள்' என்று தமிழில் நினைத்து எழுதுவதால் வரும் பிழை இது. 'வித்தின்' கால அளவோடு சேரும்: 'வித்தின் 7 டேஸ்'. இதையே 'இன் 7 டேஸ்' என்றால், 7 நாள் கழித்து என்றும் படிப்பார்கள். கெடு நாளுக்கு 'பை ஃப்ரைடே', வெள்ளியன்றும் கொடுக்கலாம். மணியையும் சேர்த்துவிடுங்கள்: 'பை 5 பி.எம். ஆன் ஃப்ரைடே'.

'அன்டில்' என்பது குறிப்பிட்ட நாள் வரை ஒன்று நீடிப்பதற்கு: 'தி ஆஃபர் இஸ் ஓப்பன் அன்டில் 15 மார்ச்'. ஒப்பந்தத்தில் வம்பு வளர்ப்பது இதுதான். 15-ஆம் தேதி சேர்த்தியா, இல்லையா? 'அப் டு அண்ட் இன்க்ளூடிங் 15 மார்ச்' என்று எழுதினால் அந்தச் சந்தேகமே எழாது. நீளம்தான், பரவாயில்லை.