மூட்டுவாதம் வாழ்நாள் முழுக்க இருக்குமா? வலி நின்றதும் மாத்திரையை நிறுத்தலாமா?

வலி குறைந்துவிட்டது, இனி இந்த மாத்திரை எதற்கு என்று தோன்றியதால்தான் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். உங்களுக்கு வந்திருப்பது எந்த மூட்டுவாதம் என்று கேட்காமலே ஆம் என்றோ இல்லை என்றோ சொல்பவரை நம்பாதீர்கள். நூற்றுக்கும் மேற்பட்ட நோய்கள் இந்த ஒரே பெயரில் உலவுகின்றன.

வந்துவிட்டுப் போகிறவையும் உண்டு. வைரஸ் காய்ச்சலைத் தொடர்ந்து வரும் மூட்டுவலி பலருக்குச் சில வாரங்களில் அடங்கிவிடும். சிக்குன்குனியா மட்டும் சிலரை மாதக்கணக்கில் படுத்தும். குடல் தொற்றுக்குப் பின் வரும் மூட்டு அழற்சியும் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் ஓய்ந்துவிடும். ஆனால் ஒரே ஒரு மூட்டு திடீரென வீங்கி, தொட்டால் சுட்டு, கூடவே காய்ச்சலும் இருந்தால் பதிலைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். அன்றைக்கே ஊசியால் நீரெடுத்துப் பார்க்க வேண்டும். சில நாள் தள்ளிப்போட்டாலும் குருத்தெலும்பு போய்விடும்.

யூரிக் அமிலத்தால் வரும் கௌட் நீண்டகால நோய்தான், ஆனால் இதை அடக்குவது மற்றவற்றைவிட எளிது. 100 மி.லி. ரத்தத்தில் யூரிக் அமிலத்தை 6 மி.கி.க்குக் கீழே தொடர்ந்து வைத்திருந்தால் மூட்டில் படிந்த படிகங்கள் மெல்லக் கரையும். அதைக் குறைக்கும் அலோப்யூரினால் மாத்திரையை 100 மி.கி. அல்லது அதற்கும் குறைவாகத் தொடங்கி, ரத்தப் பரிசோதனையைப் பார்த்துப் படிப்படியாக ஏற்றுவார்கள். படிகம் கரையத் தொடங்கும் முதல் சில மாதங்களில் வலி வருவது அதிகமாகலாம். அதனால்தான் கூடவே 3 முதல் 6 மாதத்துக்குக் குறைந்த அளவில் கோல்சிசின் தருவார்கள். இதை யாரும் சொல்லாததால் ‘மருந்து சாப்பிட்டுத்தான் அதிகமானது’ என்று பாதியில் விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். அலோப்யூரினால் சாப்பிடும்போது தோலில் தடிப்பு வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். இன்னொன்று, வலி உச்சத்தில் இருக்கும் நாளில் எடுத்த பரிசோதனையில் யூரிக் அமிலம் சரியான அளவில் தெரியலாம். அதை வைத்து கௌட் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

இனி முடக்குவாதம். உங்கள் கேள்வி இதைப் பற்றியது என்றே நினைக்கிறேன். காலையில் விரல்களை மடக்க முடியாத இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும். வயதாக ஆக வரும் மூட்டுத் தேய்மானத்தில் அது அரை மணிக்குள் விட்டுவிடும். முடக்குவாதத்தில் உடலின் எதிர்ப்பு சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. நிரந்தரமாகக் குணமாக்கும் மருந்து இன்றைக்கு இல்லை. ஆனால் வீக்கமும் வலியும் அறவே இல்லாத நிலைக்குக் கொண்டுவர முடியும், பலருக்கு வந்தும் இருக்கிறது. ‘குணமாகாது’ என்பதையும் ‘கட்டுப்படாது’ என்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் பாதிப் பேர் மனம் உடைந்து போகிறார்கள்.

உங்கள் சீட்டில் மூன்று வகை மருந்துகள் இருக்கலாம், மூன்றுக்கும் ஒரே விதி கிடையாது. வலி மாத்திரை வலி இருக்கும்போது மட்டும். நோயை அது தொடுவதே இல்லை, நாள்பட்டால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் தொடும். ஸ்டீராய்டைச் சீக்கிரம் குறைத்து நிறுத்துவதுதான் நோக்கம். ஆனால் மூன்று வாரத்துக்கு மேல் சாப்பிட்டிருந்தால் திடீரென நிறுத்தவே கூடாது. மூன்றாவது மெத்தோட்ரெக்சேட் போன்றவை. நோயை அடக்குவது இவைதான். இவை வேலை காட்ட 6 முதல் 12 வாரம் ஆகும், எனவே இரண்டு வாரத்தில் ‘ஒன்றும் கேட்கவில்லை’ என்று தீர்ப்பு எழுதாதீர்கள். வலி இல்லாமல் இருப்பதே இவை வேலை செய்வதால்தான். நீங்களாக நிறுத்தினால் பலருக்கு நோய் மறுபடி எழும், அதற்குள் எலும்பு அரித்திருந்தால் அது திரும்பாது. ஸ்டீராய்டு இல்லாமலே ஆறு மாதத்துக்கு மேல் அமைதியாக இருந்தால் அளவைக் குறைப்பது பற்றி மருத்துவரிடம் பேசலாம்.

மெத்தோட்ரெக்சேட்டை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டு உயிரே போன சம்பவங்கள் உலகெங்கும் பதிவாகியிருக்கின்றன. கிழமையைச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். கூடத் தரும் ஃபோலிக் அமிலத்தைப் பொதுவாக வேறு கிழமையில் சாப்பிடச் சொல்வார்கள்; இரண்டும் மஞ்சள் நிறத்தில் வருவதுண்டு, மாற்றி எடுத்துவிடாதீர்கள். ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனை தொடக்கத்தில் சில வாரங்களுக்கு ஒரு முறையும் பிறகு சுமார் 3 மாதத்துக்கு ஒரு முறையும் அவசியம். காய்ச்சல், வாய்ப்புண், வறட்டு இருமலோடு மூச்சுத்திணறல் இவற்றில் எது வந்தாலும் அடுத்த வேளையைச் சாப்பிடாமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். கர்ப்பம் தரிக்கத் திட்டமிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இங்கே ஒரு எரிச்சலையும் கொட்டிவிடுகிறேன். விரல் மடங்காதவருக்கான மருந்தை, நகத்தால் பிய்த்தெடுக்க வேண்டிய பட்டையில் அடைத்து விற்க யாருக்குத்தான் தோன்றியதோ! பட்டையைத் துண்டாக வெட்டிக் கொடுத்தால் பெயரும் மில்லிகிராமும் மற்ற பாதியோடு போய்விடுகின்றன. 2.5 மி.கி.யா 10 மி.கி.யா என்று தெரியாமல் முழுங்கும் நிலை. முழுப்பட்டையாகக் கேட்டு வாங்குங்கள்.

மருந்துக் கம்பெனிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று சிலர் சொல்வார்கள், சொல்லட்டும். பெயர் ஒட்டாத பொடியைச் சாப்பிட்டு மூன்றே நாளில் வலி பறந்தது என்றால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். முகம் உப்புவதும் சர்க்கரை ஏறுவதும் பின்னால் வரும்.

உங்களுக்கு இருப்பது வெறும் முழங்கால் தேய்மானம் என்றால் கதை வேறு. தேய்ந்த குருத்தெலும்பு வளராது, எக்ஸ்ரே படம் மாறாது. ஆனால் படமும் வலியும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பதில்லை. எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் சுமக்கும் பாரம் சுமார் நான்கு கிலோ குறைகிறது. தொடைத் தசைக்குப் பயிற்சி வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி 5 விநாடி நிறுத்துங்கள், ஒரு காலுக்குப் பத்து முறை. பிறகு கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழப் பழகுங்கள். செய்யும்போது கொஞ்சம் வலித்தால் பரவாயில்லை. மறுநாளும் கூடுதலாக வலித்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். கைத்தடி பிடிப்பதானால் வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில், பிடி மணிக்கட்டு உயரத்தில் இருக்கட்டும்.