எம்எம்ஏ (கலப்புத் தற்காப்புக் கலை) சண்டை நிறுவனத்தை நடத்தும் மேனேஜ்மென்ட் விளையாட்டில் வீரர்கள் கேட்கும் சம்பளம் கட்டுப்படியாகவில்லை. எப்படிப் பேரம் பேசுவது?

இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "ஷோ மணியைக் குறை, வின் போனஸை ஏற்று, எட்டு ஃபைட்டுக்குக் கட்டிப்போடு." இதைப் படித்தாலே எனக்கு ஆத்திரமாக வரும். இதை நம்பி ஆடி, கடைசியில் நிறுவனத்தை இழுத்து மூடியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நீங்கள் விவரம் அதிகம் சொல்லவில்லை. ஆனாலும் நிலைமை புரிகிறது. சின்ன நிறுவனம். மலிவாக எடுத்த ஒருவன் வரிசையாக ஜெயித்துவிட்டான். ஒப்பந்தத்தில் ஒன்றிரண்டு ஃபைட்தான் பாக்கி. புதுப்பிக்கப் போனால் இரண்டு மடங்கு கேட்கிறான். கொடுத்தால் ஷோ நஷ்டத்தில் ஓடும், விட்டால் டிக்கெட் விற்காது. சரிதானே?

முதலில் கணக்கைப் பார்ப்போம். இந்த விளையாட்டுகள் பெரும்பாலும் நிஜ எம்எம்ஏவின் முறையையே எடுத்துக்கொள்கின்றன. கூண்டுக்குள் இறங்கினாலே கிடைப்பது ஷோ மணி, ஜெயித்தால் அதற்கு மேல் கிடைப்பது வின் போனஸ். 10+10 என்றால் தோற்றவனுக்குப் பத்தாயிரம், ஜெயித்தவனுக்கு இருபதாயிரம். புதிதாக வருபவர்கள் இந்த வின் போனஸை மிச்சமாகும் பணம் என்று நினைக்கிறார்கள்; தோற்றால் கொடுக்க வேண்டாமே என்று. ஆனால் ஒவ்வொரு ஃபைட்டிலும் யாரோ ஒருவன் ஜெயிக்கத்தான் போகிறான். டிராவும் நோ கான்டெஸ்ட்டும் (முடிவே இல்லாமல் ரத்தாகும் ஃபைட்) எப்போதாவது வருவது. இரண்டு பேருக்கும் 10+10 என்றால், யார் ஜெயித்தாலும் அந்த ஃபைட்டுக்கு 30 போய்விடும். ஒருவருக்கு 40+40, எதிராளிக்கு 5+5 என்று வைத்தால்தான் முடிவைப் பொறுத்துச் செலவு மாறும். பெரிய ஆள் தோற்றால் 50, ஜெயித்தால் 85. அதாவது உங்கள் நட்சத்திரங்கள் எல்லாரும் ஜெயிக்கும் இரவுதான் உங்கள் கஜானா காலியாகும் இரவு. அவர்கள் ஜெயிக்க வேண்டும் என்றுதானே ஷோவே நடத்துகிறோம்? எனவே கார்டு, அதாவது அன்றைய ஃபைட்களின் பட்டியல் போடும்போது, பெரிய போனஸ் வாங்கும் எல்லாரும் ஜெயிப்பதாக வைத்துக் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகை டிக்கெட் வசூலைத் தாண்டினால் உங்கள் ஒப்பந்தங்கள் சரியில்லை என்று அர்த்தம்.

இப்போது என் கதை. நான் ஆடுவது பலர் சேர்ந்து ஆடும் இணைய விளையாட்டு. எதிரில் உட்கார்ந்து பேரம் பேசுபவர் கணினி இல்லை, வீரரின் மேனேஜராக ஆடும் இன்னொரு மனிதர். என்னிடம் ஒரு மிடில்வெயிட் (நடுத்தர எடைப்பிரிவு வீரன்) இருந்தான். இடது கையால் ஈரலைப் பார்த்து ஒரு குத்து விடுவான், எதிராளி மடிந்து உட்கார்ந்துவிடுவான். அவனுடைய மேனேஜர் அனுப்பிய செய்தி இதுதான்: "20+20, நாலு ஃபைட். இதற்குக் கீழே பேச்சே வேண்டாம்."

நான் மறுப்புச் சொல்லவில்லை. 26+8 என்று திருப்பி அனுப்பினேன். அவர் கோபப்பட்டார். "ஜெயித்தால் நாற்பது கேட்டேன், நீங்கள் முப்பத்துநாலு தருகிறீர்கள்." சரி, வாருங்கள், கணக்குப் போடுவோம் என்றேன். ஜெயிக்கவும் தோற்கவும் சம வாய்ப்பு என்றால் 20+20இன் சராசரி 30. 26+8இன் சராசரியும் 30. எனக்கு உச்சச் செலவில் 6 குறைகிறது, உங்களுக்குத் தோற்ற இரவில் 6 கூடுகிறது. இருவருக்கும் நிம்மதி. அதற்கு அவர், "என் ஆள் பத்துக்கு ஏழு ஜெயிப்பான்" என்றார். நியாயமான வாதம். அப்படிப் பார்த்தால் அவர் கேட்டதன் சராசரி 34, நான் கொடுப்பதன் சராசரி 31.6. அந்த இடைவெளியைப் பணமாகக் கொடுக்காமல் வேறு விதமாக நிரப்பினேன். ஒவ்வொரு வெற்றிக்கும் ஷோ மணி 3 ஏறும். நாலு ஃபைட் வேண்டாம், மூன்று போதும், அதற்குள் அவன் மதிப்பு ஏறினால் சீக்கிரமே திரும்பப் பேசலாம். கார்டில் கோ-மெயினுக்கு, அதாவது முக்கிய ஃபைட்டுக்கு முந்தைய இடத்துக்கு, கீழே இறக்க மாட்டேன். அன்றைக்கே கையெழுத்துப் போட்டார்.

முதல் ஃபைட் டிகேஓ (நடுவர் நிறுத்திய) வெற்றி, ஷோ மணி 29 ஆனது. இரண்டாவதில் ஒரு மல்யுத்தக்காரன் மூன்று ரவுண்டும் அவனைத் தரையில் அழுத்தியே வைத்திருந்தான். ஸ்ப்ளிட் டெசிஷனில் (நடுவர்கள் பிரிந்து கொடுத்த தீர்ப்பில்) தோல்வி. அவர் கேட்டபடியே 20+20 போட்டிருந்தால் அன்றைக்குக் கிடைத்திருப்பது 20. கிடைத்தது 29. பயிற்சிச் செலவு போக அவர் கையில் காசு நின்றது, மறுபடி ஆளைத் தயார்படுத்தினார். எனக்கும் பாரம் இல்லை. அந்த ஒப்பந்தத்தை நினைத்தால் இப்போதும் பெருமையாகத்தான் இருக்கிறது.

அப்புறம் வழக்கமாக வரும் சிக்கல் வந்தது. பெரிய நிறுவனம் ஒன்று 30+30 என்று தூது விட்டது. எங்கள் விளையாட்டில் பழைய நிறுவனத்துக்கு மேட்சிங் உரிமை உண்டு, அதே தொகையைக் கொடுத்தால் ஆளை வைத்துக்கொள்ளலாம். அந்த உரிமையை நான் தொடவில்லை. நிஜத்திலும் இது அசிங்கமாகத்தான் முடிந்திருக்கிறது. எடி ஆல்வாரெஸ் என்ற வீரருக்கு எம்எம்ஏவின் மிகப் பெரிய நிறுவனமான யூஎஃப்சி கொடுக்க முன்வந்த ஒப்பந்தத்தை, அவருடைய பழைய நிறுவனமான பெல்லடோர் மேட்சிங் உரிமையை வைத்து அப்படியே தானும் நீட்டியது. பே-பர்-வியூ (காசு கட்டிப் பார்க்கும் ஒளிபரப்பு) பங்கு உண்டு என்று எழுதியிருந்தாலும், யூஎஃப்சி அளவுக்குப் பே-பர்-வியூ நடத்தாத இடத்தில் அந்தப் பங்குக்கு என்ன மதிப்பு? 2013இல் பல மாதம் வழக்கும் வம்புமாகப் போனது. வேண்டாத ஆளைக் கட்டி வைத்து என்ன லாபம்? நான் உரிமையைத் தூக்கி வைத்துவிட்டு, கடைசி ஃபைட்டுக்கு முன்னாலேயே 36+10 என்று புது ஒப்பந்தம் நீட்டினேன். ஜெயித்தால் அங்கே 60, இங்கே 46தான். ஆனால் அங்கே டாப் டென் ஆட்களோடுதான் மோத வேண்டும், தோற்றால் 30. இங்கே தோற்றாலும் 36. அவர் என்னோடு இருந்தார். அவன் சாம்பியன் பெல்ட் ஜெயித்தது என் கூண்டில்தான்.

எங்கள் குழுவில் என்னைக் கேட்டார்கள், "தர்ம சத்திரமா நடத்துகிறாய்?" என்று. இங்கேயும் யாராவது கேட்கக்கூடும், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் யாருக்கும் தூக்கிக் கொடுக்கவில்லை, மொத்தத் தொகை நான் நிர்ணயித்த வரம்பைத் தாண்டவே இல்லை. பணம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதை மட்டும்தான் மாற்றினேன். இன்னொன்றும் சொல்வார்கள்: கணினியோடு ஆடும் விளையாட்டில் இதெல்லாம் எடுபடாது என்று. அப்படி இல்லை. தொகையையும் போனஸையும் தனித்தனியாக மாற்ற விடும் எந்த விளையாட்டிலும் ஒரு முறை முயன்று பாருங்கள். வயதான வீரர்களும் தொடர்ந்து தோற்றவர்களும் ஷோ மணிக்கு மசிவார்கள், தன்னம்பிக்கை உள்ள இளைஞர்கள் போனஸையே பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இளைஞனுக்கு அப்படியே கொடுங்கள், ஆனால் ஃபைட் எண்ணிக்கையில் கொஞ்சம் கூடுதல் கேளுங்கள்.

"வெறும் விளையாட்டு, இதில் நியாயம் அநியாயம் எங்கே வந்தது" என்பவர்களோடு எனக்குத் தீராத சண்டை. நிஜத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவிலும் அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லிலும் வருவாயில் ஏறக்குறைய பாதி வீரர்களுக்குப் போகிறது. யூஎஃப்சியில் ஐந்தில் ஒரு பங்குகூட வரவில்லை என்பது நீதிமன்ற ஆவணங்களில் வெளிவந்தது. 2014இல் வீரர்கள் தொடுத்த அந்த வழக்கு 37.5 கோடி டாலர் சமரசத்தில் முடிய 2025 ஆனது. ஃபிரான்சிஸ் எங்கானு யூஎஃப்சியின் ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்தபோதே, மருத்துவக் காப்பீடு வேண்டும், சொந்த ஸ்பான்சர் வைத்துக்கொள்ள அனுமதி வேண்டும் என்று கேட்டார். ஒத்துவரவில்லை, 2023 ஜனவரியில் வெளியே வந்தார். அடுத்து பிஎஃப்எல் என்ற இன்னொரு எம்எம்ஏ நிறுவனத்தோடு பேசியபோது, தன்னோடு மோதுபவருக்கும் குறைந்தது 20 லட்சம் டாலர் தர வேண்டும் என்று கேட்டு வாங்கினார் என்று செய்தி வந்தது. எதிராளிக்காகப் பேரம் பேசிய மனிதர்! இதைப் படித்த பிறகும் விளையாட்டில் ஒருவனை 3+3க்கு எட்டு ஃபைட் கட்டிப்போட என்னால் முடியாது.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கணக்கைத் திறக்காமலே காணாமல் போகும் மேனேஜர்களை என்ன செய்வது? சவால் விட்டால் பதில் இல்லை, செய்தி அனுப்பினால் பதில் இல்லை. அந்த எடைப்பிரிவில் இருக்கும் அத்தனை பேரும் காத்துக் கிடக்க வேண்டும். வேலை இருக்கும், வீட்டில் ஆயிரம் இருக்கும், புரிகிறது. போவதற்கு முன் "பெல்ட்டை விட்டுவிடுகிறேன்" என்று ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்? நிர்வாகிகளிடம் முறையிட்டால் விதியில் இடமில்லை என்கிறார்கள். விதியை எழுதியதே அவர்கள்தானே.

சரி, உங்கள் ஆளுக்கு வருவோம். கடைசி ஃபைட் முடியும் வரை காத்திருக்காதீர்கள். இரண்டு ஃபைட் பாக்கி இருக்கும்போதே பேச்சை எடுங்கள். ஜெயித்த மறுநாள் வேண்டாம், அப்போது அவன் விலை உச்சத்தில் இருக்கும். அடுத்த எதிராளி யார் என்று அறிவித்த பிறகு பேசுங்கள், அதுவும் எதிராளி கொஞ்சம் பலமானவனாக இருக்கட்டும். அவன் கேட்ட ஷோ மணியையும் போனஸையும் கூட்டி, அதில் ஆறில் ஒரு பங்கைக் கழித்து, மீதியில் முக்கால் பங்கை ஷோ மணியாக எழுதி அனுப்புங்கள். மறுத்தால் தொகையை ஏற்றாதீர்கள், ஃபைட் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து மறுபடி அனுப்புங்கள். பதில் என்ன வந்தது என்று கீழே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.